மாஸ்டடானில் கணக்குத் தொடங்கிவிட்டேன், யாருமே இல்லை. அடுத்து என்ன செய்வது?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது: ட்விட்டர் சலித்துப்போய் மாஸ்டடானுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது, ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று ஒரு பதிவும் போட்டாயிற்று, ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, முகப்புப் பக்கமும் காலி, கணக்கில்தான் ஏதாவது கோளாறா, இதில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது?

கோளாறு எதுவும் இல்லை. முதல் வாரம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். 2019 கடைசியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே கோபித்துக்கொண்டு மாஸ்டடானுக்குக் கிளம்பியதே, அதில் கும்பலோடு கோவிந்தா போட்டவன் நான். ஒரே மாதத்தில் திரும்பியும் போய்விட்டேன், காரணம் நீங்கள் சொல்வதேதான். அப்புறம் 2022 கடைசியில் மறுபடி வந்து, இந்தத் தடவை கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது.

மற்ற தளங்கள் கல்யாணப் பந்தி மாதிரி. நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் இலையில் எதையாவது வைத்துக்கொண்டே இருப்பார்கள். மாஸ்டடான் எங்கள் பெங்களூர் தர்சினி. பணம் கட்டி, டோக்கனை எடுத்துக்கொண்டு, நீங்களே கவுண்டருக்குப் போய், தட்டை வாங்கி, நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். மேசைக்கு யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள், கவுண்டருக்குப் போகாதவனுக்குப் பசிதான். நீங்கள் யாரையும் பின்தொடரவில்லை என்றால் முகப்பு காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வருமே தவிர, உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு இயந்திரம் ஊகித்து எதையும் திணிக்காது.

சர்வர் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் தேவைக்கு மேல் குழம்புகிறார்கள். 2016-இல் யூஜென் ரோச்கோ என்ற ஜெர்மனிக்காரர் தொடங்கிய இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம், ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிற மாதிரி. எங்கள் ஊரிலேயே 2020-இல் தொடங்கின கூ ஞாபகம் இருக்கிறதா, மஞ்சள் குருவி? 2024 ஜூலையில் கடையைச் சாத்தினார்கள், அதில் எழுதினவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள். இங்கே ஒரு சர்வர் மூடினாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எந்த சர்வர் என்று நாள்கணக்காக யோசிக்காதீர்கள். வாடகை வீடு மாதிரிதான், ஆனால் பத்து மாத அட்வான்ஸ் கிடையாது, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். மாறும்போது என்ன வரும், என்ன வராது என்பதைக் கீழே சொல்கிறேன், அதில் நான் சூடு பட்டவன்.

முதல் வாரம் என்ன செய்வது என்பதற்கு, ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் சித்திக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்த கதையைச் சொன்னால் போதும். சித்தி முதல் வேலையாக ஒரு ரோஜாப் படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதினார். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நான்காம் நாள் எனக்கு போன்: “என்னடா இது, யாருமே குடிவராத லேஅவுட் மாதிரி இருக்கு?”

அந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, “சித்தி, ஒரு வாரம் நீங்க எதுவும் போடாதீங்க, பாருங்க, தெரிஞ்சதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க” என்று சொல்லி, தேடல் பெட்டியில் தோட்டம், செம்பருத்தி, மாடித் தோட்டம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஏழெட்டு ஹேஷ்டேகுகளைத் தேடி, ஒவ்வொன்றையும் பின்தொடர வைத்தேன். இது பலருக்குத் தெரியாத வசதி: ஆளைப் பின்தொடர்கிற மாதிரியே ஹேஷ்டேகையும் பின்தொடரலாம், அந்த டேகோடு உங்கள் சர்வருக்கு வந்து சேர்கிற பொதுப் பதிவுகள் முகப்பில் தானாக வரும். 2022-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. சித்தியின் முகப்பு சாயங்காலத்துக்குள் நிறைந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து டெல்லியில் இருக்கும் ஒரு தமிழ்க்காரர் செம்பருத்தித் தண்டில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு படம் போட்டு, இது என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். சித்தி எழுதிய பதில் என் போனில் இன்னும் இருக்கிறது: “நோய் இல்லை, மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலைக்கு அடியில் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், செடிக்குச் செடி இதைத் தூக்கிக்கொண்டு போவதே அதுதான்.” அவர் நன்றி சொல்லி அந்தப் பதிலை பூஸ்ட் செய்தார், அதாவது தன்னைப் பின்தொடர்கிறவர்களின் முகப்புக்கும் போகும்படி பகிர்ந்தார், அவரைப் பின்தொடர்கிற நாலு பேர் அவரவர் செடியின் சீக்கைச் சொன்னார்கள், அந்த வாரம் முடிவதற்குள் சித்தி ஊர் டாக்டர் ஆகிவிட்டார். காலை வணக்கத்துக்கு வராத கூட்டம் மாவுப்பூச்சிக்கு வந்தது. உங்களுக்கும் இதையேதான் சொல்வேன், முதல் இரண்டு வாரம் பத்துப் பதிலுக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் போங்கள்.

அதே சித்தி மறுபடி ஒரு படம் போட்டபோது ஒருவர் வந்து, படத்துக்கு விவரணை சேர்க்க முடியுமா, எனக்குப் பார்வை இல்லை, போன் படித்துச் சொல்லித்தான் கேட்கிறேன் என்று கேட்டார். சித்தி முதலில் ‘பூ’ என்று எழுதினார். எழுதிவிட்டு அவருக்கே மனசு ஒப்பவில்லை. மாற்றி எழுதினார்: “ஐந்து இதழ் சிவப்புச் செம்பருத்தி. நடுவிலிருந்து தண்டு வெளியே நீண்டு, நுனியில் மஞ்சள் பொடி. செடி இருப்பது பழைய பெயின்ட் டப்பாவில். பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்.” படம் ஏற்றும்போது அதன் மேலேயே இதை எழுதும் இடம் இருக்கும், 1500 எழுத்து வரை எழுதலாம். மாஸ்டடானில் இதை எழுதுவது கிட்டத்தட்ட வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, செய்யாவிட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். விவரணை இல்லாத படத்தை பூஸ்ட் செய்யவே மாட்டேன் என்று அறிவித்துவிட்டு இருப்பவர்களும் உண்டு.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பதிவு எழுதும் பெட்டியிலேயே மொழியைத் தேர்வு செய்யும் சின்னப் பொத்தான் இருக்கிறது. அது ஆங்கிலம் என்று இருந்தால் நீங்கள் சுத்தத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலப் பதிவாகத்தான் கணக்கு. பொதுக் காலவரிசையில் தமிழ் மட்டும் போதும் என்று வைத்திருக்கும் ஆள் கண்ணில் படவே மாட்டீர்கள். நான் எட்டு மாதம் இப்படித்தான் ‘ஆங்கிலத்தில்’ எழுதிக்கொண்டிருந்தேன். அமைப்புகளில் போய் எப்போதும் தமிழ் என்று ஒருதடவை மாற்றிவிடுங்கள்.

தேடலும் ட்விட்டர் மாதிரி வேலை செய்யாது. உங்கள் பதிவில் இருக்கும் சொற்களை வைத்து மற்றவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும் என்றால் அதற்கு நீங்கள் சம்மதம் தந்திருக்க வேண்டும், சும்மா விட்டால் சம்மதம் இல்லை என்று பொருள். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் அந்தப் பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹேஷ்டேக் ஒன்றுதான் வழி, டேக் போடாத பதிவு இருட்டில் கண்ணடிப்பது போல.

நட்சத்திரம் என்பது மற்ற தளங்களின் லைக் மாதிரி, எழுதினவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அதனால் பதிவு வேறு யாருடைய முகப்புக்கும் போகாது, நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் பூஸ்ட் செய்யுங்கள். புதிதாக வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் நட்சத்திரமாகக் குத்தித் தள்ளிவிட்டு, ஏன் எதுவும் பரவவில்லை என்பார்கள். மேற்கோள் காட்டிப் பதிவிடும் வசதி பல வருடம் வேண்டுமென்றே வைக்காமல் இருந்து, 2025-இல்தான் வந்தது, அதிலும் தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதினவரே முடிவு செய்யலாம்.

அதிகம் பேசப்படாத, நான் தினமும் பயன்படுத்துகிற இரண்டு வசதிகள். ஒன்று, ஒருவர் எழுதுவது பிடிக்கும், ஆனால் அவர் நாளைக்கு அறுபது பதிவுகளை பூஸ்ட் செய்து உயிரை எடுக்கிறார் என்றால், அவருடைய பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவில் அவருடைய பூஸ்டுகளை மட்டும் மறைக்கலாம். அவருக்குத் தெரியாது, மனஸ்தாபமும் இல்லை. இன்னொன்று, கெடு வைத்த ஃபில்டர். ஒரு சொல்லைக் கொடுத்து, அது வரும் பதிவுகளை அரை மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரைக்கும் மறைத்து வைக்கலாம், கெடு முடிந்ததும் தானாக நீங்கிவிடும். பெங்களூரில் குடியிருக்கும் சென்னை அணி ரசிகன் ஏப்ரல், மே மாதங்களை எப்படித் தாண்டுகிறான் என்று நினைக்கிறீர்கள்? பெங்களூர் அணி ரசிகர்களின் கோஷத்தில் வரும் ‘ஈ சாலா’ (இந்த வருடம்) என்ற இரண்டு சொல்லுக்கு ஒவ்வொரு ஆட்டத்தன்றும் பன்னிரண்டு மணி நேரம்.

இப்போது என் மானம் போன கதை. மாஸ்டடானில் தனிச்செய்தி என்று தனியாக ஒரு பெட்டி ஏதோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது ‘குறிப்பிடப்பட்டவர்கள் மட்டும்’ பார்க்கும்படி வைத்த சாதாரணப் பதிவுதான். தினமும் காலையில் வெண்பா எழுதிப் போடுகிற ஒருவர் இருக்கிறார். நான் அல்சூர் மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக் போவதற்குள் என் நண்பனுக்கு, “இவர் வெண்பாவில் தளையும் இல்லை தலையும் இல்லை” என்று தனிச்செய்தி அனுப்பினேன். எவர் என்று தெரிய வேண்டாமா, அதற்காக அவருடைய கணக்குப் பெயரை ‘அட்’ குறியோடு சேர்த்தேன். பெயரைச் சேர்த்தாலே அவரும் குறிப்பிடப்பட்டவர்தான், செய்தி அவருக்கும் நேராகப் போய்விட்டது. விதான சௌதா ஸ்டேஷன் வருவதற்குள் அவரிடமிருந்து பதில் வந்தது, வெண்பாவிலேயே. தளை தட்டவில்லை. ஆகவே ஒருவரைப் பற்றிப் பேசும்போது அந்தக் குறியைப் போடாதீர்கள். அதோடு, இந்தச் செய்திகள் பூட்டி அனுப்பப்படுவதில்லை, சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும். வங்கி விவரம், வீட்டுச் சண்டை எல்லாம் வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் மாறும் கதைக்கு வருகிறேன். மறுபடி வந்தபோது நான் சேர்ந்தது ஒருவர் தன் கைக்காசில் நடத்திய ஒரு சின்ன சர்வர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர். ஒரு நாள் செலவு கட்டுப்படியாகவில்லை, பத்து நாளில் மூடுகிறேன் என்றார். நான் அந்தப் பத்து நாளும் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன், திரும்பி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. இரண்டு வருடம் எழுதியதெல்லாம் போயிற்று. நேரத்தோடு மாறியிருந்தால் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் தானாகப் புதுக் கணக்குக்கு வந்திருப்பார்கள். நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றியிருக்கலாம். ஆனால் எழுதிய பதிவுகள் எப்படியும் கூட வராது, அவை பழைய வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வ தளத்தில் இருக்கும் சர்வர் பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள், அந்தப் பட்டியலில் சேருகிறவர்கள் மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னாலேயே சொல்வதாக ஒப்புக்கொண்டவர்கள். அப்புறம், ஏழு நாளைக்கு ஒருதடவை உங்கள் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், மாதம் ஒருதடவையாவது செய்யுங்கள். நான் இப்போது வீட்டு வாடகை கட்டுகிற அன்றைக்கே இதையும் செய்துவிடுகிறேன்.

உங்கள் ‘எல்லாருக்கும் வணக்கம்’ பதிவை அழித்துவிடாதீர்கள். திருத்தும் வசதி இருக்கிறது, அதைத் திறந்து நீங்கள் யார், என்ன ஊர், எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று நாலு வரியும், அறிமுகம், தமிழ், அப்புறம் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று விஷயங்களின் டேகுகளும் சேர்த்து, பக்கத்தின் மேலே பின் (pin) செய்துவிடுங்கள். நீங்கள் எங்காவது பதில் எழுதினால், யாரப்பா இது என்று உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் முதலில் படிப்பது அதைத்தான். செடி வளர்க்கிறவராக இருந்தால் அதையும் எழுதுங்கள், சித்தி எப்படியும் கண்டுபிடித்து வந்துவிடுவார்.