பாஸ் தூண்டிலோடு மேட்டூர் பரிசலில்

கேள்வி: என் அக்கா வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார். போன வருஷம் அங்கே போயிருந்தபோது, சின்ன அலுமினியப் படகில் ஓர் ஏரிக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க பாஸ் என்கிற அந்த ஊர் ஏரி மீனைப் பிடிக்க வைத்தார். கிளம்பும்போது ஏழடி ராடு, ரீல், ஒரு டப்பா நிறைய லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) எல்லாம் கொடுத்தனுப்பினார். அதே மாதிரி ஒரு நாள் சேலம் பக்கம் கிடைக்குமா? ஏற்காடு ஏரியில் போட்டிங் இருக்கிறதே, அங்கே போடலாமா, இல்லை மேட்டூரா? பாஸ் குஞ்சு எங்காவது வாங்கி நம் ஏரியில் விட முடியுமா?
— அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். குவாத்தமாலாவில் அத்தித்லான் என்றொரு பெரிய ஏரி. சுற்றுலாக்காரர்கள் தூண்டில் போட வருவார்கள் என்று 1958 முதல் 1960-க்குள் அதில் பாஸை விட்டார்கள். ஏரியில் இருந்த சின்ன மீன், நண்டு எல்லாம் அதன் வயிற்றுக்குப் போயின. அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு முக்குளிப்பான் இனம் இன்று உலகத்திலேயே இல்லை. நாணலை வெட்டியது, 1976 பூகம்பத்துக்குப் பிறகு தண்ணீர் இறங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு; தொடக்கம் பாஸ்தான். நம் பக்கம் எந்த ஏரியில் வலை போட்டாலும் முதலில் ஜிலேபி மீன்தானே வருகிறது? அதுவும் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிதான். இன்னொன்று எதற்கு?

ஏற்காட்டையும் விட்டுவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்க அருமையான ஏரி, ஆனால் சின்னது. மிதிபடகில் குடும்பம் குடும்பமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நீங்கள் மூமுள் (மூன்று முனைக் கொக்கி) தொங்கும் லூரை 30 மீட்டர் வீசினால் மீன் மாட்டுவதற்கு முன் யாருடைய துப்பட்டாவாவது மாட்டும்.

ஆக மேட்டூர். அங்கே பாஸ் கிடையாது, ஆனால் பாஸ் செய்கிற வேலையைச் செய்ய விரால் இருக்கிறது. இரண்டும் ஓடிப்போய் இரை தேடுகிற ஜாதி இல்லை. தழைக்குள்ளோ மரக்கட்டை நிழலிலோ பதுங்கி, எதிரில் தவளை, குஞ்சு மீன் போனால் ஒரே பாய்ச்சல். அதனால் மச்சான் சொல்லித்தந்த பாதிப் பாடம் இங்கேயும் செல்லும். நடுத்தண்ணீரைப் பார்த்து வீசாதீர்கள், மறைவைப் பார்த்து வீசுங்கள்.

மறைவு எங்கே இருக்கும் என்பதைத் தினமும் செய்தியில் வரும் அணை நீர்மட்டமே பாதி சொல்லிவிடும். முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் இறங்க இறங்க, பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த நிலத்தில் புல் முளைக்கும், ஆட்கள் உழுது விதைத்தும் விடுவார்கள். பிறகு தண்ணீர் மெதுவாக ஏறும்போது அந்தப் புல்லும் அறுத்த தாளும் முழுகும். பூச்சி, தவளை, குஞ்சு மீன் எல்லாம் அங்கே கூடும், பின்னாலேயே விராலும் வரும். முழங்கால் ஆழத் தண்ணீரில் நல்ல விரால் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நீர்மட்டம் மளமளவென்று இறங்குகிற வாரத்தில் போனால் கரையோரம் வெறிச்சோடிக் கிடக்கும். அன்றைக்கு முழுகிய கட்டைகளைத் தேடுங்கள்.

போவதற்கு முன் அனுமதி. மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர்கள் மீன்வளத்துறையிடம் உரிமம் வாங்கியவர்கள். பொழுதுபோக்குக்குத்தானே என்று நாமாக ராடைத் தூக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. மேட்டூரில் இருக்கும் மீன்வளத்துறை அலுவலகத்தில் முதல் நாளே கேளுங்கள், அப்புறம் உரிமம் உள்ள ஒரு மீனவரைப் பிடியுங்கள். அவருடைய ஒரு நாள் வருமானத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக அவர் வலை போடாமல் இருக்கிறார். வீட்டுப் பக்கத்து ஏரிதான் வசதி என்றாலும் இதே கதைதான். பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி குத்தகை யாராவது எடுத்திருப்பார்கள். அவரிடம் கேட்காமல் போட்டால் அது திருட்டு.

இனி பரிசல். உங்களுடைய நாள் நல்லபடியாகப் போவதும் போகாததும் லூரில் இல்லை, இதில்தான் இருக்கிறது. மச்சானின் படகுக்கு முன்னும் பின்னும் உண்டு, அடி தட்டை, நின்றுகொண்டே வீசலாம். பரிசல் ஒரு கூடை. மூங்கில் பின்னல், வெளியே பிளாஸ்டிக் சாக்கும் தாரும். அதற்கு முன் பின் கிடையாது, நிற்கவே கூடாது. குந்தியோ சம்மணம் போட்டோ, எடை நடுவில் இருக்கும்படி உட்கார வேண்டும். பக்கவாட்டில் ராடைச் சுழற்றி வீசினீர்கள் என்றால் லூர் ஒரு பக்கம் போகும், பரிசல் மறுபக்கம் திரும்பும். லூர் விழும் நேரத்தில் நீங்கள் வேறு கரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதல் முறை எனக்கு நடந்தபோது பரிசல்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர்தான் வழியும் சொன்னார்: ‘வீசறப்ப சொல்லுங்க, துடுப்ப குத்தி நிறுத்தறேன்.’ துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கிப் பிடித்தால் பரிசல் அசையாது. இல்லையென்றால் முழுகிய மரக்கிளை எதிலாவது கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். வீச்சும் தலைக்கு மேலே வேண்டாம். மணிக்கட்டால் தாழ்வாக, சுருக்கென்று வீசப் பழகுங்கள். உங்கள் பின்னால் இருப்பது அவருடைய காது.

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வெயிலுக்கு வியர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் லைஃப் ஜாக்கெட் இல்லை.

டப்பாவில் இருப்பதில் முக்கால்வாசியை வீட்டிலேயே வையுங்கள். ஆழத்தில் முங்கி ஓடும் கடின லூர்களின் மூமுள்கள் இங்கே கட்டையிலும் அடுத்தவர் வலையிலும்தான் மாட்டும்; போதாததற்குப் பரிசலின் தோலையும் கிழிக்கும். வலையில் மாட்டினால் இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, மிதக்கும் பாட்டிலைப் பார்த்து யாருடைய வலை என்று பரிசல்காரரிடம் கேட்டுச் சொல்லி அனுப்புங்கள். எடுத்துப் போக வேண்டியது உள்ளே காற்றடைத்த ரப்பர் தவளை இரண்டு. முள் அதன் முதுகோடு ஒட்டி மேல் நோக்கி இருப்பதால் தழையில் சிக்காது. தகடு சுழலும் ஸ்பின்னர் ஒன்றும் போதும். ரீலில் தங்கூசி நரம்பு இருந்தால் மாற்றிவிட்டு 30 அல்லது 40 பவுண்டு பின்னல் நரம்பு ஏற்றுங்கள். ராடு கச்சிதம், அதை மாற்ற வேண்டாம். ஒரு கொக்கி, ஒரு தக்கை, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்புழுவும் இருக்கட்டும். விரால் ஏமாற்றும் நாளில் ஜிலேபியாவது மானத்தைக் காப்பாற்றும்.

விரால் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அது செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன் இல்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். தழை இடுக்கில் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு சின்ன வளையம். அங்கேயே தவளையைப் போட்டால் மிரண்டுவிடும். இரண்டு மூன்று அடி தாண்டிப் போட்டு, நின்று நின்று இழுத்துக்கொண்டு அதன் தலைக்கு மேலே வாருங்கள்.

அடித்ததும் என்ன செய்வது? பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். விரால் பல்லால் கவ்விக்கொண்டு தழைக்குள் திரும்பும். தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டவுடனே ராடைச் சுண்டி இழுத்தால் வெறும் தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். நரம்பில் கனம் தெரியட்டும், மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ சொல்லிவிட்டுச் சுண்டி இழுங்கள். அப்புறம் தாமதிக்கவே கூடாது. உங்கள் எடையையும் சேர்த்துப் பரிசலே மீன் பின்னால் போக ஆரம்பிக்கும், கட்டைக்குள் புகுந்ததென்றால் கதை முடிந்தது. நீங்கள் ரீலைச் சுற்றும்போதே பரிசல்காரர் எதிர்ப்பக்கம் வலிக்க வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்த மீனை ஈரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டுங்கள். காற்றைக் குடித்துக்கொண்டு வெகுநேரம் உயிரோடு இருக்கும், விட்ட இடத்தில் குதித்து ஓடவும் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீரின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கும்பலாகக் கொதிப்பது போல் தெரிந்தால் பக்கத்திலேயே தாயோ தகப்பனோ காவல் நிற்கிறது என்று அர்த்தம். அதன் நடுவில் எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். சுலபமான மீன். இருபது வயதில் எங்கள் ஊர் ஏரியில் அப்படி ஒன்றைப் பிடித்துப் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஜிலேபிகள் வந்து அந்தக் கும்பலைத் துடைத்துவிட்டன, கரையில் நின்று பார்த்தேன். பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும், உங்கள் மச்சானுக்கு இது தெரிந்திருக்கும். குஞ்சு தெரிந்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வேறு இடம் போங்கள்.

நேரம் என்று பார்த்தால், சேலத்தில் நாலரைக்குக் கிளம்பினால் வெளுக்கும்போது பரிசல் துறையில் இருக்கலாம். ஆறிலிருந்து ஒன்பது வரைதான் உண்மையான மீன்பிடிப்பு. பத்து மணிக்கு மேல் கரையேறி மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். நாலு மணிக்குக் காற்று அடங்கியிருந்தால் மட்டும் மறுபடி இறங்கலாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பரிசல் எம்மாத்திரம்? ஆனி, ஆடியை விட்டுவிடுங்கள். மேலே கர்நாடகாவிலிருந்து வெள்ளம் வரும் செய்தி இருந்தாலும் போக வேண்டாம். பரிசல்காரர் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சே கூடாது.

மார்கழி வாக்கில் மச்சான் ஊருக்கு வந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். ஆனால் ஒரே பரிசலில் இரண்டு பேர் வீச முடியாது. அவருக்கு இன்னொரு பரிசல் சொல்லிவிடுங்கள்.