ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மருத்துவப் படிப்புக்கான அறிவியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்து ஏழு ஆண்டுகளாகத் தளவாட நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அறிவியல் என்று படித்தது ஓ லெவல் கெமிஸ்ட்ரி மட்டும்தான். சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரிக்கு முயன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன். வேலையை விடாமல் எப்படித் தயாராவது?

பதில்:

கணக்கிலிருந்து தொடங்குங்கள். உயிரியல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்கள் பலர், மருத்துவம் என்றால் உடம்புதானே என்று உயிரியல் புத்தகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். இதயம், சிறுநீரகம் என்று இரண்டு மாதம் கோடு போட்டுப் படிப்பார்கள், நன்றாகவே போகும். அடுத்து வேதியியலைத் திறந்ததும் மோலும் (துகள்களை எண்ணும் அலகு) லாக்கும் (மடக்கை) வழிமறிக்கும். ஓ லெவல் வேதியியல் மறந்துபோனதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மறந்துபோனது பின்னமும் அடுக்குகளும்தான்.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். டியூக்-என்யூஎஸ் எந்தத் துறைப் பட்டதாரியும் சேரக்கூடிய நான்கு ஆண்டுப் படிப்பு. இன்னின்ன அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் எம்கேட் அல்லது கேம்சாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். ஆக, அந்தத் தேர்வு எதைக் கேட்கிறதோ அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

கேம்சாட் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கும். அதன் அறிவியல் பகுதியில் 75 கேள்விகள். வேதியியல் 40 விழுக்காடு, உயிரியல் 40, இயற்பியல் 20. வேதியியலும் உயிரியலும் பல்கலைக்கழக முதலாண்டுத் தரம், இயற்பியல் ஏ லெவல் தரம். மற்ற இரண்டு பகுதிகள் வாசிப்பும் கட்டுரையும். எம்கேட்டில் நான்கு பகுதிகள், 230 கேள்விகள். அதில் உயிர்வேதியியலுக்குக் கனம் அதிகம், உளவியலும் சமூகவியலும் தனிப் பகுதி. வாசித்து, எழுதி, தர்க்கம் செய்து பழகியவர் என்றால் கேம்சாட் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்பது என் கணிப்பு. நிறைய மனப்பாடம் செய்யத் தயார், தெளிவான பாடப்பட்டியலும் மாதிரித் தேர்வுகளும் கையில் இருக்க வேண்டும் என்றால் எம்கேட். இரண்டிலும் கால்குலேட்டர் கிடையாது. ஏழு ஆண்டு எக்ஸெல்லோடு குடும்பம் நடத்தியவருக்கு அடி விழும் இடம் இதுதான்.

ஆகவே முதல் மூன்று வாரம், தினமும் அரை மணி நேரம் வெறும் கைக்கணக்கு. 0.00036-ஐ 0.09-ஆல் வகுக்கச் சொன்னால் 3.6 × 10⁻⁴, 9 × 10⁻² என்று மாற்றி, 4 × 10⁻³ என்று பத்து விநாடிக்குள் வர வேண்டும். லாக் 2 என்றால் 0.3, லாக் 3 என்றால் 0.48. இந்த இரண்டும் தெரிந்தால் லாக் 4, 5, 6, 8, 9 எல்லாம் தானாக வந்துவிடும். அலகு மாற்றத்தில் மில்லி, மைக்ரோ, நானோ தடுமாறக் கூடாது.

இது எங்கே உதவும் என்று பாருங்கள். 0.01 மோலார் அசெட்டிக் அமிலம், அமில மாறிலி 1.8 × 10⁻⁵, பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) என்ன? இரண்டையும் பெருக்கினால் 1.8 × 10⁻⁷. அதற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அடுக்கு ஒற்றைப்படை என்பதால் பலர் இந்த இடத்தில் 10⁻³·⁵ என்று எழுதிவிட்டு விழிப்பார்கள். அதையே 18 × 10⁻⁸ என்று மாற்றி எழுதினால் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.2 × 10⁻⁴. அதுதான் ஹைட்ரஜன் அயனியின் செறிவு. லாக் 4 என்பது 0.6, ஆக பிஹெச் 4 − 0.6, சுமார் 3.4. வேதியியலாக இங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான்: பலவீன அமிலம் கொஞ்சமாகத்தான் பிரியும், அதனால் பிரிந்த அளவை 0.01-லிருந்து கழிக்காமல் விட்டுவிடலாம். பிரிந்தது 5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சுமார் 4, சரி.

அடுத்த பத்து வாரம் பொது வேதியியல். மோல், கரைசல், சமநிலை, அமிலம்-காரம், பஃபர் (பிஹெச் எளிதில் மாறாத கரைசல்), வெப்ப இயக்கவியல், மின்வேதியியல் என்ற வரிசையில் போங்கள். மோல் பிடிபடாமல் மேலே போகாதீர்கள். பிடிபட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: மருத்துவமனையில் ஏற்றும் 0.9 விழுக்காடு சலைன். ஒரு லிட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு; அதன் மோலார் நிறை 58.5, ஆக 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். நீரில் ஒவ்வொன்றும் இரண்டு அயனியாகப் பிரிவதால், கரைந்த துகள்களின் மொத்தம் 308 மில்லிஆஸ்மோல். இரத்தத்தின் அளவுக்கு இது நெருக்கமாக இருப்பதால்தான் சிவப்பணு வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வெறும் தண்ணீரை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

இயற்பியலுக்கு வாரத்தில் ஒரு மாலை போதும், அதையும் வேதியியலோடு சேர்த்தே நடத்துங்கள். திரவ ஓட்டம், மின்சுற்று, ஒளியியல், ஆற்றல் ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். குழாயின் ஆரம் பாதியானால், மற்றவை மாறாதபோது, சீரான ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்பது போன்ற விகிதக் கேள்விகளுக்குச் சூத்திரத்தை ஒப்பித்தால் மட்டும் போதாது. எது எத்தனை மடங்கு மாறும் என்று உடனே சொல்ல வர வேண்டும்.

கரிம வேதியியலில் வினைகளைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதுதான் பெரிய விரயம். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு, அம்புக்குறி எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு வினையையும் கையால் வரையுங்கள். கார்போனைல் தொகுதி (கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருப்பது) ஒன்றை ஒழுங்காகப் புரிந்துகொண்டாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

உயிரியல் இதற்கெல்லாம் பிறகு, உயிர்வேதியியலோடு ஒட்டி. எம்கேட் எழுதுபவர்களுக்கு 20 அமினோ அமிலங்களும் ஓரெழுத்து, மூவெழுத்துக் குறியீடுகளோடு தெரிந்திருக்க வேண்டும். பிஹெச் 7.4-இல் அஸ்பார்ட்டேட், குளூட்டமேட் எதிர்மின். லைசின், ஆர்ஜினின் நேர்மின். ஹிஸ்டிடின் பக்கச்சங்கிலியின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பிஹெச்) சுமார் 6 என்பதால் அது பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமலே இருக்கும். ஏன் என்று விளக்க முன்பு படித்த பஃபர் பாடம் வேண்டும். உயிரியலைப் பின்னால் தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம். மனப்பாடத்துக்கு அன்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி நல்லது, ஆனால் நாளைக்கு 20 புதிய அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். உற்சாகத்தில் அறுபது, எழுபது என்று சேர்த்தால் மறுபார்வை அட்டைகள் இரண்டே வாரத்தில் மலையாகக் குவிந்து, செயலியைத் திறக்கவே மனம் வராது.

புத்தகத்துக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். ஜூரோங், தெம்பனிஸ் போன்ற வட்டார நூலகங்களில் 530 இயற்பியல், 540 வேதியியல், 570 உயிரியல், 612 உடலியங்கியல் என்று எண்ணைப் பார்த்து அலமாரிக்குப் போங்கள். தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கான டியூஷன் வகுப்பில் போய் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஏ லெவல் விடைத்தாளுக்கு மதிப்பெண் வாங்கித் தரும் பயிற்சி. உங்கள் ஓட்டைகள் வேறு. சிக்கிக்கொண்ட பாடத்துக்கு மட்டும் தனி ஆசிரியரிடம் நாலைந்து முறை போய், தப்பாகப் போட்ட கணக்குகளைக் காட்டிக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் சூழலில் வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் பத்து மாதமாவது ஆகும். எம்ஆர்டி பயணத்தில் அட்டை பார்க்கலாம், காணொளி கேட்கலாம். கணக்கு மட்டும் மேசையில் உட்கார்ந்துதான். ஒரு மணி நேரம் பாடம் படித்தால் ஒரு மணி நேரமாவது கேள்வி போடுங்கள். காணொளி பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும், அதை நம்பாதீர்கள்.

தேசிய சேவை முடித்து வருபவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு இடைவெளி இரண்டே ஆண்டு, ஏ லெவலில் படித்த எச்2 வேதியியலும் கையில் இருக்கிறது. இத்தனை மாதம் தேவையில்லை. சமநிலை, அமிலம்-காரம், கரிம வேதியியல் மூன்றையும் தூசி தட்டினால் போதும். ஏ லெவல் அறிவியலைத் தனித் தேர்வராக எழுத நினைப்பவர்கள் மட்டும், பணம் கட்டுவதற்கு முன் செய்முறைத் தாளுக்கான நிபந்தனைகளைத் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் படித்துவிடுங்கள்.

கடைசி இரண்டு மாதம் முழுநீள மாதிரித் தேர்வுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை காலை, உண்மைத் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில் எழுதுங்கள். ஞாயிறு முழுவதும் திருத்தம். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே, பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், கணக்கு சறுக்கியது, நேரம் போதவில்லை என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். மூன்று தேர்வுக்குப் பிறகும் கணக்கு சறுக்கியதுதான் அதிகம் என்றால், புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் தினமும் அரை மணி நேரக் கைக்கணக்கு.