ரோஸ்ட் பீஃபுடன் பரிமாற உண்மையிலேயே காரமான ஹார்ஸ்ரேடிஷ் எது?

கடுகைப் போல மூக்கில் ஏறும் காரமுள்ள வேரான ஹார்ஸ்ரேடிஷின் துருவலை, 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று எழுதியிருக்கும் புட்டிகளில் வாங்கியும் காரமே தெரியவில்லை என்றும், விருந்தில் ரோஸ்ட் பீஃபுடன் வைக்கத் தகுந்த புட்டியைப் பரிந்துரைக்குமாறும் கேட்டிருக்கிறீர்கள். நான் வசிப்பது செயின்ட் லூயிஸில். ஆற்றைக் கடந்தால், ஹார்ஸ்ரேடிஷ் உலகின் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொண்டு 1988 முதல் அதற்கெனத் திருவிழாவும் நடத்தி வருகிற காலின்ஸ்வில் இருக்கிறது. இங்கே பல புட்டிகளையும் சுவைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த நிறுவனம் தயாரித்தது என்பதைவிட, எப்போது துருவப்பட்டது, எங்கே வைத்து விற்கப்படுகிறது என்பவையே காரத்தைத் தீர்மானிக்கின்றன.

முழு வேரை முகர்ந்து பார்த்தால் நெடி ஏதும் அனேகமாக இராது. துருவும்போது செல்கள் உடைந்து, சினிக்ரின் என்ற சேர்மத்தோடு மைரோசினேஸ் என்ற நொதி கலந்த பிறகுதான், கடுகுக்கும் காரம் தருகிற அல்லைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் அது மிளகாய்க் காரத்தைப் போல நாக்கில் தங்கி எரியாமல், நேரே மூக்கில் ஏறிச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. ஈரத்தில் கிடக்கும்போது அது மெல்லச் சிதையவும் செய்கிறது. வினிகரும் குளிரும் அந்தச் சிதைவைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்திவிடுவதில்லை.

ஆகவே, கெட்ச்சப் வரிசையில் அறை வெப்பத்தில் அடுக்கியிருப்பதை விட்டுவிட்டு, குளிர்சாதன அலமாரியில் இருப்பதை எடுங்கள். அதிலும் காலாவதித் தேதி மிகத் தள்ளியிருக்கும் புட்டியைப் பின்வரிசையிலிருந்து தேடுங்கள். உட்பொருள்களில் ஹார்ஸ்ரேடிஷ் முதலிலும், பிறகு வினிகரும் உப்பும் மட்டும் இருந்தால் போதுமானது. 'சாஸ்' என்றோ 'கிரீம்' என்றோ பெயரிட்டவற்றில் எண்ணெயும் முட்டையும் சேர்ந்து காரத்தை மழுக்கிவிடும். டர்னிப் கலந்து ஏமாற்றுவதும் பழைய வழக்கம்தான். 1869-இல் ஹென்றி ஹைன்ஸ் பிட்ஸ்பர்க் அருகே தம் வணிகத்தைத் தொடங்கியபோது, கலப்படம் இல்லை என்று காட்டுவதற்காகவே துருவிய ஹார்ஸ்ரேடிஷைத் தெளிவான கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்றார். துருவல் வெண்மையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வாங்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும், வீட்டில் துருவியதற்கு எந்தப் புட்டியும் ஈடாகாது என்பதே என் கருத்து. பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் யூதர்கள் அதிகம் வாழும் பகுதிகளின் கடைகளில் நல்ல வேர் கிடைக்கும். அழுத்தினால் வளையாத வேராக எடுத்துத் தோல் சீவி, துண்டாக்கி, சிறிது குளிர்ந்த நீருடன் மிக்ஸியில் நன்றாக அரைத்து, மூன்று நிமிடம் வரை காத்திருந்து, அதன் பிறகே வினிகரும் உப்பும் சேர்க்க வேண்டும். வினிகர் அந்த நொதியின் வேலையை நிறுத்திவிடுவதால், முதலிலேயே ஊற்றினால் கிடைப்பது சாதுவான துருவல்தான். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி மூடியைத் திறக்கையில் முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். (இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் இதற்கு மாற்றாக முருங்கை வேரைத் துருவிக்கொண்டார்கள். அந்த வேர்ப்பட்டையில் தீங்கான ஆல்கலாய்டுகள் உண்டு என்பதால் அதை முயல வேண்டாம்.)

பரிமாறும்போது பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவது வெப்பத்தை. ஹார்ஸ்ரேடிஷைச் சூடான கிரேவியில் கலந்தால் காரம் ஆவியாகிப் போய்விடும். ஆதலால், குளிர்ந்த நிலையிலேயே தனிக் கிண்ணத்தில் வைத்து, இறைச்சியை வெட்டிப் பரிமாறிய பிறகு அவரவர் எடுத்துக்கொள்ளும்படி விடுங்கள். காரம் தாங்காத விருந்தினர் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் சவர் கிரீமுடன், உணவு மேசைக்குக் கொண்டுபோவதற்குச் சற்று முன்பாகக் கலந்துகொள்ளலாம். மிஞ்சியதை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.