கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம் அண்ணா. சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். கைப்பட மருந்து ஊற்ற நேரமில்லாததால் தானாக அளந்து ஊற்றும் இரண்டு தலை டோசிங் பம்ப் வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவையே வைத்தேன். போன வாரம் கேஎச் (தண்ணீரிலுள்ள கார்பனேட் அளவு) 6.5, இந்த வாரம் 9.8. ஹேமர் என்ற கல் பவளம் பகலிலும் சுருங்கியே கிடக்கிறது. இரண்டு குழாய்களையும் சேர்த்துக் கட்டி சம்ப்பில் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில்) விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. என்ன செய்வது?

முதலில் பம்பை நிறுத்துங்கள், தம்பி. அந்த வெள்ளைப் படிவில்தான் பாதி விடை இருக்கிறது. ஒரு பாட்டிலில் கால்சியம், மற்றதில் கார்பனேட். இரண்டும் அடர்த்தியாக ஓரிடத்தில் சந்தித்தால் அங்கேயே சுண்ணாம்புக்கல்லாக இறுகிவிடும். உங்கள் பவளம் எலும்பாகக் கட்ட வேண்டியதை சம்ப் சுவர் வாங்கிக்கொண்டது. குழாய்களைப் பிரித்து, நீரோட்டம் வேகமாக உள்ள இரண்டு வெவ்வேறு இடங்களில் விடுங்கள். முனை தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும். மூழ்கியிருந்தால் உப்பும் சுண்ணாம்பும் கட்டி முனை அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலில் போட்டிருக்கும் அளவு உங்கள் தொட்டிக்காகக் கணக்கிட்டது அல்ல. உங்கள் பவளங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கின்றன என்பது உங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்தால்தான் தெரியும். மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தினமும் அதே நேரத்தில் கேஎச் பாருங்கள். சோதனைக் குப்பியை வெள்ளைத் தாளின் முன் பிடித்து, நிறம் மாறத் தொடங்கியதும் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிறம் முழுதாக மாறி அப்படியே நிற்கும் சொட்டுதான் கணக்கு. அவசரப்பட்டால் அரைப் புள்ளி தவறிவிடும்.

9.8 மூன்று நாளில் 8.6 ஆனால், ஒரு நாளைக்கு 0.4 போகிறது என்று அர்த்தம். 200 லிட்டரில் கேஎச்சை 1 ஏற்ற 6 கிராம் சோடியம் பைகார்பனேட் (சோடா) வேண்டும். ஆக, தினம் 2.4 கிராம். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 80 கிராம் கரைத்தால் அது 30 மில்லி. இன்னொரு லிட்டரில் 70 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கரையுங்கள். கரையும்போது சூடேறும் என்பதால் தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில் எடுப்பதால் இந்த 80-க்கு 70 கணக்கில் இரு பக்கமும் அதே 30 மில்லி போதும். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்துவிட்டு உண்மையான தண்ணீர் அளவை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கேஎச் 8-க்கு இறங்கியதும் பம்பை ஓடவிட்டு அங்கேயே பிடியுங்கள். 7.5-இல் நின்றாலும் 8.5-இல் நின்றாலும் ஹேமர் பிழைத்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் 3 புள்ளிக்கு மேல் ஏறினால் தாங்காது. 30 மில்லியை 2.5 மில்லியாகப் பன்னிரண்டு தடவைக்குப் பிரித்து, சோடா இரட்டைப்படை மணிக்கும் கால்சியம் ஒற்றைப்படை மணிக்கும் போகும்படி வையுங்கள். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். மக்னீசியம் குறைந்தால் மற்ற இரண்டும் பிடிபடாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பம்ப் சிக்கிக்கொண்டு நிற்காமல் ஓடினால், ஒரு லிட்டர் சோடாவும் கேஎச்சை 13 புள்ளிக்கு மேல் கூட்டித் தொட்டியைக் கொன்றுவிடும். அதனால் பம்புக்குக் கீழே 300 மில்லி பாட்டில் மட்டும் வையுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை நிரப்புவது தொந்தரவுதான், ஆனாலும் பெரிய பாட்டில் வேண்டவே வேண்டாம். பம்பின் ரப்பர் குழாய் நாளாக நாளாகத் தளரும். மாதம் ஒரு தடவை 10 மில்லி ஓடவிட்டு சிரிஞ்சில் அளந்து பாருங்கள்.

கடையில் விற்கும் பாட்டில் விலை கட்டுப்படியாகவில்லை. சமையலறை சோடாவே போதுமா? (செங்காங் வாசகி)

போதும் அம்மா. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட்தான். பேக்கிங் பவுடரைத் தொடாதீர்கள். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். கால்சியம் குளோரைடு உணவுத் தரத்தில் வாங்குங்கள். அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் அதே பொருள்தான் என்றாலும், அதன் தூய்மைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்த இரண்டும் சேர்ந்து தண்ணீரில் சாதா உப்பை மிச்சம் வைக்கும். வாரம் ஒரு முறை உப்பளவைப் பாருங்கள்.

60 லிட்டர் தொட்டி, ஜோவா என்ற மென்பவளம் மட்டும்தான். தேக்காவில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். (தெம்பனிஸ் வாசகர்)

உங்களுக்கு டோசிங்கே தேவையில்லை. ஜோவாவுக்கு எலும்புக்கூடு கிடையாது. கால்சியம் எடுப்பது மிகச் சொற்பம். வாரம் 6 லிட்டர் புது உப்புநீர் மாற்றினால் போதும். சுண்ணாம்பு நீர் நல்ல முறைதான், கால்சியமும் கேஎச்சும் சேர்ந்தே ஏறும். ஆனால் அதன் பிஎச் 12-ஐத் தாண்டும், சிறிய தொட்டியில் கொஞ்சம் கூடினாலும் மீன் திணறும். பிற்பாடு கல் பவளம் வைத்தால், தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி லிட்டருக்கு 1.5 கிராம் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இரவில் சொட்டவிடுங்கள்.