உங்களை ரொம்ப பாதிச்ச குயர் (ஒரே பாலின ஈர்ப்பு உள்ளவங்க, டிரான்ஸ் ஆளுங்க எல்லாரையும் சேர்த்து சொல்ற பேரு) போட்டோகிராபர் யாரு, ஏன்?

ஸானெலே முஹோலி. யோசிக்கவே வேணாம். 1972ல தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல உம்லாசில பிறந்தவங்க, 1860ல நம்ம ஆளுங்க கரும்பு தோட்டத்துக்கு கப்பல்ல போய் இறங்கினாங்களே அதே டர்பன்தான்.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு போட்டோ எடுத்து பொழைக்கிறேன். எங்கம்மா எஸ்டேட்ல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. முஹோலியோட அம்மா பெஸ்டர், வெள்ளைக்காரங்க வீட்டுல காலம் பூரா வீட்டு வேலை செஞ்சவங்க. அந்த அம்மா நினைவா 2015ல முஹோலி தன்னையே எடுத்துக்கிட்ட படம் ஒண்ணு இருக்கு, துணி காயப்போடுற கிளிப்ப தலை முழுக்க கிரீடம் மாதிரி சொருகி காதுலயும் அதையே மாட்டிக்கிட்டு நேரா நம்மள பார்ப்பாங்க. கான்ட்ராஸ்ட்ட ஏத்தி தோலை வேணும்னே இன்னும் கருப்பாக்கியிருப்பாங்க. எங்கிட்ட வர்ற பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல சொல்றதே "தம்பி, கொஞ்சம் வெள்ளையாக்கி குடுங்க"ன்னுதான், அதனால அந்த கருப்ப நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு எனக்கே தெரியாது.

ஆனா பெரிய வேலைன்னா 2006ல ஆரம்பிச்ச 'ஃபேசஸ் அண்ட் ஃபேஸஸ்' (Faces and Phases, முகங்களும் கட்டங்களும்)ங்கற போட்டோ வரிசை. கருப்பின லெஸ்பியன், டிரான்ஸ் ஆளுங்கள கருப்பு வெள்ளையில, பேரும் ஊரும் போட்டு, சில பேர வருஷம் கழிச்சு திரும்பவும் எடுத்திருப்பாங்க, இப்ப 500 படத்துக்கு மேல. பாலின ஈர்ப்ப வச்சு யாரையும் ஒதுக்கக்கூடாதுன்னு 1996லேயே அரசியல் சட்டத்துல எழுதுன நாடு, 2006ல கல்யாணத்துக்கும் சட்டம் வந்துருச்சு, இருந்தும் டவுன்ஷிப்ல, அதாவது கருப்பின மக்கள் வாழுற ஊர்ப்புற குடியிருப்புல, லெஸ்பியன் பொண்ணுங்கள 'திருத்துறோம்'னு சொல்லி நாசம் பண்றதும் கொல்றதும் நிக்கல. கண்காட்சியில படங்கள வரிசையா மாட்டறப்ப நடுநடுவுல காலி இடம் விட்டிருப்பாங்க, செத்துப்போனவங்களுக்கும் இன்னும் எடுக்காதவங்களுக்கும். 2012ல அவங்க வீட்டுல திருடன் புகுந்து ஹார்ட் டிஸ்க்கா பார்த்து எடுத்துட்டு போனான், வருஷக்கணக்கான உழைப்பு போச்சு. அப்பவும் நிறுத்தல. மனுஷங்க இருந்தாங்கங்கறதுக்கு சாட்சியே போட்டோதான்னு நினைக்கிறவங்களாலதான் இப்படி முடியும்.

இங்க ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒரு அக்கா இருப்பாங்க, சட்டை பேண்ட் போட்டுக்கிட்டு, பந்தல் கட்டுறதுல இருந்து சாப்பாடு பரிமாறுற வரைக்கும் எல்லாத்தையும் இழுத்து போட்டு செய்வாங்க, குடும்ப போட்டோன்னு கூப்பிட்டா மட்டும் பெரியவங்க யாராவது "நீ அப்புறம் நில்லும்மா"ன்னுடுவாங்க. அந்த அப்புறம் வரவே வராது. இப்ப நான் மேடை போட்டோ முடிஞ்சதும் அந்த அக்காவ தனியா நிக்க வச்சு, நல்ல வெளிச்சத்துல, அவங்க எப்படி நிக்கணும்னு நினைக்கிறாங்களோ அப்படியே எடுத்து பிரிண்ட் போட்டு கையில குடுக்குறேன், காசு வாங்கறதில்ல. வெளிய எங்கயும் போடறதும் இல்ல, ஒரே பாலின உறவ நம்ம நாட்டு சட்டம் குத்தம்னு சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும்.

முஹோலி வேலைய பார்க்கணும்னா 2010ல வந்த 'டிஃபிகல்ட் லவ்' டாக்குமென்டரியில ஆரம்பிங்க, அவங்களும் சேர்ந்து இயக்கினது, அவங்களும் அவங்க எடுக்குற ஆளுங்களும் அதுல வாய் விட்டு பேசுவாங்க. அப்புறமா போட்டோங்கள பாருங்க.