ராயல்ஸ் உடுப்பில் கில்ப்ரூ: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: மினியாபொலிஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், பழைய பேஸ்பால் வீரர் ஹார்மன் கில்ப்ரூவின் தீவிர ரசிகர். அவரிடம் உள்ள பேஸ்பால் கார்டுகளில் கில்ப்ரூ கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு ஆடியது மட்டும் இல்லை. ஒன்று அச்சடித்துப் பரிசளிக்க ஆசை. அச்சகத்தில் தங்க ஃபாயில், பளபளப்புப் பூச்சு என்று விலையை ஏற்றுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஃபாயில் வேண்டாம். அந்தக் காசைக் கார்டின் பின்பக்கத்தில் வரும் ஆட்டக் கணக்குக்குச் செலவிடுங்கள்.

1975 ஜனவரியில் மினசோட்டா ட்வின்ஸ் அணி கில்ப்ரூவை விடுவித்தது. அந்த வருடம் ராயல்ஸுக்கு ஆடினார். ஆனால் பேஸ்பால் கார்டு வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் 1975 கார்டில் ட்வின்ஸ் வீரராகவே இருக்கிறார். 1976 வரிசையில் அவருக்குக் கார்டே இல்லை. அதனால் 1976 வடிவத்தில் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் பின்பக்கத்தில் கடைசி வருடமும் சேரும்: 106 ஆட்டம், 14 ஹோம் ரன், ஆடிய காலம் முழுக்கச் சேர்த்து 573 ஹோம் ரன். பேட்டிங் சராசரி .199தான், அதையும் மறைக்காமல் போடுங்கள். 39 வயதில் இன்னொரு ஊருக்குப் போய் ஆடிய மனிதரின் கணக்கு அது. பெரியவர் முதலில் அதைத்தான் படிப்பார்.

அளவு 2.5 × 3.5 அங்குலம். அப்போதுதான் கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறையில் அடங்கும். படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுவதற்கு நாலு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதல். பழைய கார்டு சாதாரண அட்டைதான், பூச்சு இல்லாத தடித்த அட்டையே போதும். முழுப் பணம் கட்டும் முன் ஒரு மாதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ராயல்ஸின் நீலம் திரையில் ஒரு மாதிரி, அட்டையில் வேறு மாதிரி தெரியும்.

புகைப்படம்தான் சிக்கல். ட்வின்ஸ் தொப்பியை ராயல்ஸ் தொப்பியாக மாற்றித் தருகிறோம் என்பார்கள். டாப்ஸே அந்தக் காலத்தில் அணி மாறியவர்களுக்குத் தொப்பியில் வண்ணம் தீட்டியிருக்கிறது, பார்த்தாலே தெரிந்துவிடும். உண்மையான ராயல்ஸ் படம் தேடுங்கள். ஆனால் பழைய பத்திரிகைப் படத்தை விலைக்கு வாங்கினாலும் பிரதிதான் உங்களுடையது, பதிப்புரிமை அல்ல. அனுமதிக் கடிதம் இல்லாமல் அடிக்க அச்சகம் மறுக்கலாம், முன்பே கேட்டுவிடுங்கள். கூடுதலாக அடித்து விற்கும் எண்ணம் இருந்தால் அணிச் சின்னத்துக்கும் உரிமம் தேவை.

அப்புறம், டாப்ஸ் சின்னத்தைப் போடவே போடாதீர்கள். பின்பக்க ஓரத்தில் ‘தனிப்பட்ட அச்சு’ என்று ஆங்கிலத்தில் சின்னதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கார்டு யார் கைக்குப் போனாலும் அசல் என்று நம்பி ஏமாறக்கூடாது.