கேள்வி–பதில்: "இந்த அப்பா வேண்டாம், போன் அப்பாவைக் கூப்பிடு"

கேள்வி: என் கணவர் துபாய் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கிறார். நானும் மகளும் பட்டுக்கோட்டைக்கு அருகே மாமியாருடன் இருக்கிறோம். மகளுக்கு வரும் ஜனவரியில் 4 வயது நிறைகிறது. 14 மாதம் கழித்துச் சென்ற மாதம் அவர் விடுப்பில் வந்தார். திருச்சி விமான நிலையத்தில் தூக்க முயன்றபோது குழந்தை அலறிவிட்டாள். பெட்டியைத் திறந்து பொம்மையைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தாள். மூன்றாம் நாள் இரவு, அவர் என் பக்கத்தில் படுக்க வந்தபோது, "இந்த அப்பா வேண்டாம், போன் அப்பாவைக் கூப்பிடு" என்று அழுதாள். அவர் மனம் விட்டுப் போய்விட்டது. ஏப்ரலில் ஷார்ஜாவில் வீடு எடுப்பதாகவும், நாங்கள் இருவரும் வந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். அவர் சம்பளம் 6,500 திர்ஹாம். வாடகை ஆண்டுக்கு 34,000 கேட்கிறார்களாம். இங்கே வீட்டுக் கடன் தவணை மாதம் 18,000 ரூபாய், இன்னும் இரண்டரை ஆண்டு கட்ட வேண்டும். "கடன் அடையட்டும், பிள்ளை எங்கே ஓடிவிடப் போகிறது" என்கிறார் மாமியார். போவதா, இருப்பதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மகள் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கணவரைப் போலவே நீங்களும் அதை வெறுப்பு என்று நினைத்துவிட்டதாகக் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. அவர் கடைசியாக விமானம் ஏறியபோது குழந்தைக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் பார்த்த முகமும், மடியின் வாசனையும், தூக்கும் விதமும் 14 மாதம் நினைவில் நிற்பது அரிது. அவளுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அகலத் திரையில் சிரிப்பவர், பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடுபவர். திடீரென்று ஆறடி உயரத்தில், அத்தர் வாசனையோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் தான் படுத்துக்கொள்ளும் இடத்தையே கேட்கிற ஓர் ஆள் வந்து நின்றால், அவள் "போன் அப்பாவைக் கூப்பிடு" என்று சொன்னது தகப்பனை மறுத்த சொல் அல்ல, தகப்பனைத் துணைக்கு அழைத்த சொல். இதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

விடுப்பில் வருபவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு, அதை அன்பின் பேரில்தான் செய்கிறார்கள். பெட்டி திறக்கும் நாளன்று வீடே கூடுகிறது. கோடாலித் தைலம், பால்மாவு டின், சோப்பு, பொம்மை என ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. குழந்தையும் பெட்டியோடு வந்த விருந்தாளியாகத்தான் அப்பாவைப் பார்க்கிறது. பொம்மையைக் கொடுத்து ஒட்ட வைப்பதைவிட, அவளுடைய அன்றாட வேலைகளில் ஒன்றை அவர் கையில் ஒப்படைப்பது நல்லது. காலையில் பல் துலக்கிவிடுவதோ, குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டுவதோ, சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவதோ, எதுவானாலும் ஒரே வேலையாக, நாள்தோறும் அவரே செய்வதாக இருக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பிறகு அடுப்படிக்கு நகருங்கள், பிறகு கொல்லைப்புறத்துக்குப் போய்விடுங்கள். கட்டிலில் அவள் இடத்தைப் பறிக்கவும் வேண்டாம். அவளை நடுவில் விட்டு இருபுறமும் நீங்கள் இருவரும் படுத்தால் அந்தச் சண்டை எழவே எழாது. "சேட்டை பண்ணினால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்று மாமியாரோ நீங்களோ சொல்லும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், தொலைவில் இருக்கும் மனிதருக்கு அதைவிடப் பெரிய தீங்கு வீட்டிலிருப்பவர்கள் செய்ய முடியாது.

இனி, போவதா இருப்பதா என்பது. வந்து சேரும் இத்தகைய கடிதங்களில் சம்பளம், வாடகை, தவணை என்று கணக்கு நிறைய இருக்கிறது. தகப்பன் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது மட்டும் எதிலும் இருப்பதில்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. ஜெபல் அலி துபாயின் அபுதாபிப் பக்கக் கோடியில் இருக்கிறது. ஷார்ஜாவோ துபாயைத் தாண்டி மறுகோடியில். இடையே 50 கிலோமீட்டருக்கும் மேல். வாடகை குறைவு என்பதற்காக ஷார்ஜாவில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் காலையும் மாலையும் எப்படி இருக்கும் என்பது அங்கே ஒரு வாரம் இருந்தவர்களுக்கும் தெரியும். துபாய் மெட்ரோ ரயில் ஷார்ஜாவுக்கு வருவதும் இல்லை. அவர் காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்பினால், ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தையோடு அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம், அதுவும் களைத்துப்போன அரை மணி நேரம். நீங்களோ பகல் முழுதும் ஆறாவது மாடியில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் வெளியே காலடி வைக்க முடியாத வெயிலில் இருப்பீர்கள். இன்று பாட்டியும் தெருப் பிள்ளைகளுமாக அவளுக்கு இருக்கும் சுற்றம் போய்விடும், அதற்கு ஈடாக அப்பாவும் கிடைக்கமாட்டார். சேமிப்பை விட்டுக்கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ஆகவே என் கருத்து இது. வீடு ஜெபல் அலிப் பக்கமாகவே அமையுமானால், உதாரணமாக டிஸ்கவரி கார்டன்ஸ் போல நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் பகுதியில், ஷார்ஜாவைவிட வாடகை கூடினாலும் ஒற்றை அறை ஸ்டுடியோவே போதும் என்று நீங்கள் மூவரும் ஒப்புக்கொண்டு, அவர் மாலை ஆறரைக்குள் வீட்டுக்கு வர முடியுமானால், கடன் இருக்கும்போதே போங்கள். வாடகைக்கும் தவணைக்கும் போக மீதி கைக்கும் வாய்க்கும்தான் சரியாக இருக்கும். ஷார்ஜா வாடகையைக் கொண்டு பார்த்தாலே மாதம் 2,830 திர்ஹாம் வாடகை, தவணைக்கு ஏறத்தாழ 750, மிச்சம் 2,900 சொச்சத்தில் மின்சாரம், மளிகை, மருத்துவக் காப்பீடு, மழலையர் பள்ளி எல்லாம் அடங்க வேண்டும். ஜெபல் அலிப் பக்கம் என்றால் வாடகை கூடுவதால் அந்த மிச்சம் இன்னும் குறையும். நெருக்கடிதான், ஆனால் இரண்டரை ஆண்டுக்குத் தாங்கக்கூடிய நெருக்கடி. மாறாக, ஷார்ஜாவில்தான் வீடு, இரவு எட்டரைக்குத்தான் வருகை என்றால் ஏப்ரலில் போக வேண்டாம். மாமியார் சொல்கிற காரணத்துக்காக அல்ல. பிள்ளை ஓடிவிடாது என்பது சரி, நாலு வயது ஓடிவிடும்.

எதையும் இறுதி செய்யும் முன் 60 நாள் சுற்றுலா விசாவில் நவம்பரில் போய் இருந்து பாருங்கள். அப்போது அங்கே இதமான காலம், குழந்தையை மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறது என்பதையும் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. நிறுவனம் இசைந்தால், இனி 14 மாதம் சேர்த்து ஒரே மூச்சில் எடுக்காமல், 15 நாளாக இரண்டு முறை பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். விமானக் கட்டணம் இரட்டிப்பாகும், உண்மைதான். இந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

காகித வேலைகளை இப்போதே தொடங்குங்கள், போகாவிட்டாலும் அவை வீணாகாது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள அங்கே 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் போதும் என்பதால் அந்தத் தகுதி அவருக்கு இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். மண்டபத்தில் திருமணம் முடித்துவிட்டு, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமலே விட்டவர்கள் பலர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கும் சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். பெயரைச் சேர்த்த பிறகே அதை மேலொப்பத்துக்கு அனுப்ப முடியும். பிற நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. அதனால் மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வாங்கியாக வேண்டும். "இருக்கட்டுமே" என்று குடியிருப்பு விசாவை எடுத்து வைத்துவிட்டு ஊரிலேயே தங்குவதும் நடக்காது, 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது செல்லாமல் போய்விடும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் தொடங்குகின்றன. மார்ச் 31க்குள் 4 வயது நிறைவதால் உங்கள் மகளுக்கு வயதுத் தடை இல்லை.

அதுவரை அவர் காலை 6 மணிக்கு எழும்போது இங்கே ஏழரை. மகள் இட்லி சாப்பிடும் நேரம். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிடுங்கள், அவர் அங்கே தேநீர் குடிக்கட்டும், இவள் இங்கே சாப்பிடட்டும், பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளை அவளே கிழிக்கட்டும், அங்கே அவரும் ஒன்றைக் கிழிக்கட்டும். "இன்னும் 90 நாள்" என்பது நாலு வயதுக்குப் புரியாது, காலண்டர் மெலிந்துகொண்டே வருவது புரியும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு இணையாது என்றாலும் குரல் பதிவு போய்ச் சேரும். இரவில் இரண்டு நிமிடக் கதை ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினால், தூங்கும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் அவள் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை அவர் கிளம்பும்போது, விமானம் எந்த நடுநிசியில் இருந்தாலும், தூங்கும் குழந்தையை விட்டுவிட்டு நழுவ வேண்டாம். எழுப்பி, சொல்லிவிட்டு, அழவிட்டுப் போகட்டும். எழுந்து பார்க்கையில் ஆளைக் காணோம் என்ற அனுபவம் ஒருமுறை வாய்த்த பிள்ளை, அடுத்த விடுப்பில் அவர் குளியலறைக்குப் போனால்கூடக் கதவருகே நின்று அழும்.

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். 5 வயது மகன் வீடியோ அழைப்பில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை, "சாப்பிட்டேன், பை" என்று ஓடிவிடுகிறான். மனைவி பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.
— வாசகர், குவைத்

பதில்: இழுத்து வந்து உட்கார வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு அழைக்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு என்றால் இங்கே இரவு எட்டரை, பிள்ளைக்குக் கண் செருகும் நேரம். உங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை, அவன் அன்று பள்ளியில். அவனுக்கு ஞாயிறு, நீங்கள் அன்று வேலையில். சனிக்கிழமை உங்களுக்கும் விடுமுறை என்றால் அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள்.

"சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா, அம்மா சொன்னபடி கேட்டியா" என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று நொடியில் பதில் முடிந்துவிடுகிறது, பிறகு அவன் ஏன் நிற்க வேண்டும்? நீங்கள் கேட்காமல் காட்டுங்கள். உங்கள் அறையில் எட்டுப் பேர் சமைக்கும் சட்டி எவ்வளவு பெரியது, ஜன்னலுக்கு வெளியே மணல் காற்று அடிப்பது எப்படி இருக்கிறது, உங்கள் காலணிக்குள் எவ்வளவு மணல் புகுந்தது என்று காட்டுங்கள். ஒரு படத்தைப் பாதி வரைந்து அனுப்பி, மீதியை அவனை வரையச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லும் குழந்தை மருத்துவர்கள்கூட, வீட்டாரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்குத் தருகிறார்கள். எதிர்முனையில் ஓர் ஆள் பதிலுக்குச் சிரிக்கிறார் என்பதுதான் காரணம். மூன்று நிமிடம் நின்றால் மூன்று நிமிடம் போதும். அவன் ஓடிய பிறகும் அழைப்பைத் துண்டிக்காமல் மனைவியோடு பேசிக்கொண்டிருங்கள், அவன் வீட்டில் விளையாடும் சத்தத்துக்குள் உங்கள் குரலும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: கணவர் கத்தாரில் இருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க அவர் ஊருக்கு வந்தாக வேண்டுமா?
— வாசகி, இராமநாதபுரம்

பதில்: வர வேண்டாம். பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்பதால், தோஹாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் தம் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுத்து, அதன் அசலை உங்களுக்கு அனுப்பினால், உங்கள் உறுதிமொழியோடு இணைத்து நீங்களே குழந்தையைப் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு அழைத்துப் போகலாம். குழந்தைக்குத் தரும் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். அவருடைய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் மனைவி என்று சேர்க்கப்பட்டிருக்கிறதா, உங்கள் பெயரின் முன்னெழுத்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதை, அவர் தூதரகத்துக்குப் போகும் முன்பே இருவரும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.